தாரும் வேணாம், ஹாரனும் வேணாம்

"இப்பல்லாம் சைக்கிள் பதிவே போடறதில்லையா?"ன்னு ரெண்டு பேர் தனிமடல்ல கேட்டிருந்தாங்க. (அதுல ஒருத்தர் என் மச்சினர். அதனால ஒருத்தர்னே வெச்சுக்கங்க.) ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம், அதான். ஆனா இது ஊர் சுத்தின கதை இல்ல. ரொம்ப நாளா தொண்டையில நிக்கற ஒரு கருத்து. ஒத்துக்கலைன்னா பின்னூட்டத்துல வந்து சாத்துங்க, வாங்கிக்கறேன்.

கருத்து இதுதான். வண்டித் தொல்லை இல்லாத நல்ல சைக்கிள் பாதையை எந்த அரசாங்கமும் இனிமே புதுசா உண்டாக்கிட முடியாது. ரயில்காரனோ கால்வாய் வெட்டினவனோ எப்பவோ போட்டு வெச்ச நீளமான தடம் ஒண்ணு ஏற்கனவே இருக்கும். அது துண்டு துண்டா அறுபடாம காப்பாத்தத்தான் முடியும். காப்பாத்தினப்புறம் அது மேல தாரை ஊத்தாம இருக்கறது ரெண்டாவது புண்ணியம்.

எங்கேர்ந்து இதைப் பேசறேன்னா, அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்லேர்ந்து. பிட்ஸ்பர்க்னா நம்மாளுங்களுக்கு பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், அங்க கிடைக்கற புளியோதரை, அதோட கதை முடிஞ்சுது. எனக்கும் பல வருஷம் அப்படித்தான். ஆனா அதே ஊர்லேர்ந்து தெற்கே ஆத்தோரமாவே ஒரு பாதை கிளம்புது. பேரு கிரேட் அலிகேனி பாசேஜ். மேரிலாந்து மாநிலத்துல கம்பர்லேண்ட்ங்கற ஊர் வரைக்கும் 150 மைல், நம்ம கணக்குல 241 கிலோமீட்டர். கார், பைக், லாரி எதுக்கும் அனுமதி இல்ல. ஊர்களுக்குள்ள வர்ற கொஞ்ச தூரம் தவிர மீதி எல்லாம் சுண்ணாம்புக்கல் கிரஷர் தூளைக் கொட்டி கெட்டிச்ச பாதை. நம்ம ஊர் பாஷையில சொன்னா, சொரசொரப்பு கம்மியான கப்பி ரோடு.

இந்த மாதிரி ரோட்டுல ஓட்டறதுக்கு இப்ப 'கிராவல் பைக்'னு தனியா ஒரு ஜாதி சைக்கிள் விக்கறாங்க. வளைஞ்ச ஹேண்டில்பார், கொஞ்சம் தடிச்ச டயர், பாக்கறதுக்கு ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் பொறந்த புள்ளை மாதிரி. கன்சாஸ்ல 2006-லேர்ந்து இதுக்குன்னே 200 மைல் ரேஸ் எல்லாம் நடக்குது, இப்ப அதுக்கு 'அன்பவுண்ட்'னு பேரு. நல்ல சைக்கிள்தான், குறை சொல்லல. ஆனா கடைக்காரர் சொல்ற விலையைக் கேட்டா நம்ம ஊர்ல ஒரு மோட்டார் பைக்கே வாங்கிடலாம். நான் சொல்ற பாதைக்கு அதெல்லாம் அவசியமே இல்ல. அம்பத்தூர்ல செஞ்ச ஒரு ஹெர்குலிஸ் போதும். கேரியர்ல டிபன் பாக்ஸ் வெச்சுக்கலாம்ங்கறது கூடுதல் வசதி :-)

பாதையோட முதல் பாதி யாக்கியோகேனி ஆத்தோட போகுது. எழுதறதை அப்படியே படிச்சா நாக்கு சுளுக்கிக்கும், அதனால உள்ளூர்க்காரங்க 'யாக்'னு சுருக்கிட்டாங்க. நம்ம ஊர் ஆறெல்லாம் கிழக்க பாத்து ஓடினா இது வடக்க பாத்து ஓடுது. இதுல கான்னெல்ஸ்வில்லேர்ந்து ஒஹாயோபைல் 17 மைல், அங்கேர்ந்து கன்ஃப்ளுயன்ஸ் இன்னொரு 11 மைல். இந்த 28 மைல்தான் என்னைக் கேட்டா மொத்தப் பாதையிலயும் மணி. ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் மரங்களுக்கு ஊடால கீழ ஆறு. அக்கரையில இன்னமும் சரக்கு ரயில் போயிட்டிருக்கும், ஆள் மட்டும் கண்ணுல பட மாட்டாங்க. ஒஹாயோபைல்ங்கறது நூறு பேர் கூட இல்லாத ஊர். அங்க ஆறு ஒரு லூப் அடிச்சுத் திரும்பி வருது. பாதை அந்த லூப்பைச் சுத்திப் போகாம ரெண்டு பாலம் போட்டு நேரா தாண்டிடுது. உசரமான பாலத்து மேல நின்னு பாத்தா கீழ ரப்பர் படகுல கூச்சல் போட்டுக்கிட்டுப் போறவங்க எறும்பு மாதிரி தெரிவாங்க. 1754-ல ஜார்ஜ் வாஷிங்டன் சின்ன வயசு ராணுவ அதிகாரியா இந்த ஆத்துல படகு விட முடியுமான்னு பாக்க வந்து, இங்க இருக்கற அருவியைப் பாத்துட்டு இது வேலைக்காகாதுன்னு திரும்பிட்டாராம். கன்ஃப்ளுயன்ஸ்ல யாக், காசல்மேன், லாரல் ஹில் ஓடைன்னு மூணும் சேருது. பேரை அப்படியே தமிழ்ல வெச்சா முக்கூடல். (நெல்லைக்காரங்க சண்டைக்கு வராதீங்க, உங்க முக்கூடல் உங்களுக்குத்தான்.)

சரி, அழகு இருக்கட்டும். ஓட்டறதுக்கு இது ஏன் இவ்ளோ சுலபமா இருக்கு? பைசா செலவில்லாத காரணம் ஒண்ணு இருக்கு. இது ஒரு காலத்துல ரயில் போன தடம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்து மேல ஓடும்போது பிடிமானம் ரொம்பக் கம்மி. ஏத்தம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கும். அதனால ரயில் இன்ஜினியர் மலையைப் பாத்தா முதல்ல ஆறு எங்கன்னுதான் தேடுவார். ஆறு பல ஆயிரம் வருஷமா செதுக்கி வெச்ச சரிவை அப்படியே பிடிச்சுக்குவார். அது போதாத எடத்துல வெட்டுவார், மேடு போடுவார், குடைவார். பிட்ஸ்பர்க் பக்கத்துலேர்ந்து 2,392 அடி உசரத்துல இருக்கற கணவாய் வரைக்கும் இந்தப் பாதையோட ஏத்தம் சராசரி 1 சதவீதத்துக்கும் கீழ. கம்பர்லேண்ட் பக்கம் மட்டும் கொஞ்சம் கூட, அதுவும் 2 சதவீதத்தைத் தாண்டாது. ரயில் பல எடத்துல ஊர் ரோட்டுக்கு மேலயோ கீழயோ போகற மாதிரி கட்டியிருக்கறதால குறுக்க ரோடும் அதிகம் வராது. இப்படி ஒரு தடத்தை இன்னிக்கு முதல்லேர்ந்து நிலம் எடுத்து, மலை வெட்டி, ஆத்துக்குப் பாலம் கட்டி, "சைக்கிளுக்காக"ன்னு சொன்னா எந்த நிதியமைச்சரும் ஃபைலைத் தூக்கி வீசிடுவார். நான் அமைச்சரா இருந்தாலும் வீசுவேன்.

எங்கப்பா கதையைக் கொஞ்சம் சொல்லணும். கொசுவத்தி ஏத்தறதுக்காக இல்ல, விஷயம் இருக்கு. அப்பா தஞ்சாவூர் பக்கம் பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். (2021-லேர்ந்து அந்த வேலை நீர்வளத்துறைன்னு தனியாப் போயிடுச்சு.) டெல்டாக்காரங்களுக்கு லஸ்கர்னா யாருன்னு தெரியும், மத்தவங்களுக்காக சொல்றேன். கல்லணைக் கால்வாய்னு ஒண்ணு இருக்கு, 1934-ல வந்தது, 148 கிலோமீட்டர். மேப்புல கால்வாய்னு போட்டிருந்தாலும் எங்க ஊர்ல அது 'புது ஆறு'. அதுல தண்ணி வந்துட்டா கரையோட போய் மதகு பாக்கணும், நண்டு வளை பாக்கணும், கசிவு இருந்தா மேல சொல்லணும், உடைப்பு எடுத்தா மணல் மூட்டையோட நிக்கணும். அவருக்குன்னு ஒதுக்கின கரையை அப்பா முப்பது வருஷம் சைக்கிள்லதான் பாத்தார். கையில ஒரு டார்ச், கேரியர்ல ஒரு மம்முட்டி. ஆத்தோரம் கிராவல் ரோட்டுல சைக்கிள் ஓட்டறதை இன்னிக்கு 'அட்வென்ச்சர்'னு காசு கொடுத்துப் பண்றாங்க. அவருக்கு அதுக்கு சம்பளம் கொடுத்தாங்க.

ரிட்டயர் ஆனப்புறமும் மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு எல்லாம் சைக்கிள்தான். அஞ்சு வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல பின்னாடி வந்த பைக் ஒண்ணு இடிச்சுத் தள்ளிடுச்சு. மணிக்கட்டுல எலும்பு முறிவு. கட்டு பிரிச்சதும் அம்மா சைக்கிளைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழ வெச்சுட்டாங்க. அப்பாவும் எதிர்த்துப் பேசல. அவர் வாழ்க்கையில அம்மா சொன்னதுக்கு எதிர்த்துப் பேசாத ஒரே விஷயம் அதுதான்னு நினைக்கறேன். அப்புறம் நடை கொறைஞ்சுது, சர்க்கரை ஏறுச்சு. 'வீட்டோட' ஆயிட்டார். இந்த 'வீட்டோட'ங்கற வார்த்தை எவ்ளோ கொடுமையானதுன்னு வயசான அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு வந்தவங்களுக்குத் தெரியும்.

இதை வெறும் எங்க வீட்டுக் கதையா நினைக்காதீங்க. மத்திய அரசு கணக்குப்படி 2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல தமிழ்நாடு 17,884. இது செத்தவங்க கணக்கு. எங்கப்பா மாதிரி சாகாம, கை ஒடிஞ்சு, சைக்கிளை மாடிப்படிக்குக் கீழ போட்டவங்க இந்தக் கணக்குல வர மாட்டாங்க.

போன வருஷம் அக்டோபர்ல அப்பாவும் அம்மாவும் இங்க வந்திருந்தப்ப ஒஹாயோபைல் கூட்டிட்டுப் போனேன். அப்பாவுக்கு 71 வயசு. வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்தேன். "வேணாம் தம்பி, உங்கம்மா திட்டுவா"ன்னார். அம்மா அந்தப் பாதையை ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, "வண்டியே வராதாடா?"ன்னு கேட்டாங்க. வராதும்மான்னேன். "அப்ப போயிட்டு வரட்டும்"னுட்டாங்க. அம்மாவும் தங்கமணியும் அருவிக்கிட்ட உக்காந்துட்டாங்க, நாங்க ரெண்டு பேரும் கிளம்பினோம். முதல் அரை மைல் அப்பா பின்னாடி பின்னாடி திரும்பிப் பாத்துக்கிட்டே ஓட்டினார், இடிபட்ட பழக்கம். அப்புறம் திரும்பறதை நிறுத்திட்டார். அன்னிக்குப் போக வர 14 மைல் ஓட்டினார்.

அவர் மரத்தையும் எலையையும் பாத்து அசந்து போவார்னு நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். அவர் பாத்தது முழுக்க கரையை. எறங்கி, செருப்புக் காலால தரையைத் தேச்சுப் பாத்தார். "நடுவுல மேடு கொடுத்திருக்கான் பாத்தியா, தண்ணி ரெண்டு பக்கமும் ஓடிரும். மலைப்பக்கம் வாய்க்கா இருக்கு, அதுலேர்ந்து கீழால குழாய் போட்டு ஆத்துல விட்டுருக்கான். இது நிக்கும்டா"ன்னார். அவர் கொடுத்த சர்டிபிகேட்டுக்கு மேல எந்த இன்ஜினியர் ரிப்போர்ட்டும் எனக்கு வேணாம்.

தார் வேணாம்னு நான் சொல்றதுக்கும் இதுதான் அடிப்படை. கிரஷர் தூள் பாதை தண்ணியைக் கொஞ்சம் உள்ள விடும், மீதியை ஓரமா ஓட விடும். குழி விழுந்தா ஒரு வண்டி தூள், ரெண்டு மம்முட்டி, ஒரு ரோலர் இருந்தா சனிக்கிழமை காலையில சரி பண்ணிடலாம். இந்தப் பாதையில பல எடத்துல அப்படித்தான் நடக்குது. ஊர்க்காரங்களே சங்கம் மாதிரி வெச்சுக்கிட்டு பராமரிக்கறாங்க. தார் போட்டா மரத்து வேர் தூக்கும், வெடிக்கும், அப்புறம் டெண்டர், கான்ட்ராக்டர், மெஷின். அதை விட முக்கியம் வேகம். கப்பி ரோட்டுல ஒரு அளவுக்கு மேல வேகமாப் போக மனசு வராது. அதனாலதான் எழுவது வயசுக்காரரும் ஏழு வயசுப் பொண்ணும் ஒரே பாதையில போக முடியுது. நம்ம ஊர்ல இன்னொண்ணும் நடக்கும். கரை மேல தார் போட்ட மறுநாள் அது பைபாஸ் ஆயிடும். முதல்ல பைக், அப்புறம் லோடு ஆட்டோ, அப்புறம் டிப்பர் லாரி. அதுக்கப்புறம் ஸ்பீட் பிரேக்கர் போட்டு, போர்டு வெச்சு, ஒரு உயிர் போனப்புறம் மறியல் பண்ணணும்.

கப்பி ரோட்டுக்கு எதிரா பேசறவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. சக்கர நாற்காலிக்கு தார் இன்னும் சுகம். மழை பெஞ்சா கிராவல்ல டயர் லேசா புதையும், மட்கார்டு இல்லாத சைக்கிள்னா முதுகுல கழுத்து வரைக்கும் சாம்பக் கலர்ல ஒரு கோடு விழும். அந்தச் சட்டையைத் துவைக்கற வேலை என்னுதுங்கறது எங்க வீட்டு ஒப்பந்தம். இருந்தாலும் என் ஓட்டு கப்பிக்குத்தான்.

இப்ப அந்தத் தடம் எப்படி அறுபடாம நின்னுதுங்கறதுக்கு வரேன். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே இந்த மலைத் தடத்தை 1975-ல கைவிட்டது. ஒஹாயோபைல் பக்கம் ஒம்போது மைல் சொச்சம் முதல்ல சைக்கிளுக்குத் திறந்தது 1986-ல. பிட்ஸ்பர்க் நகரத்துல கடைசித் துண்டு சேர்ந்தது 2013 ஜூன்ல. நடுவுல 27 வருஷம்! நடுவுல பழைய பாலங்களுக்குத் தளம் போட்டாங்க. 3,294 அடி நீளமுள்ள பிக் சாவேஜ் சுரங்கத்தை ரிப்பேர் பண்ணாங்க. மேயர்ஸ்டேல் பக்கத்துல 1,908 அடி நீளத்துக்கு பள்ளத்தாக்கையே தாண்டற ஒரு வயடக்ட் இருக்கு, அதை சைக்கிளுக்குத் தகுந்த மாதிரி மாத்தினாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேச்சுவார்த்தை. எந்த ஒரு ஆட்சியும் தன் பேரைப் போட்டுக்க முடியாத வேலை இது, அஞ்சு வருஷக் கணக்குக்குள்ள அடங்காது.

அமெரிக்காவுல இதுக்கு உதவியா ஒரு சட்டம் இருக்கு. ரயில் தடம் போன நிலம் நெறைய எடத்துல ரயில் கம்பெனிக்கு சொந்தமே கிடையாது, வழி விடற உரிமை மட்டும்தான். ரயிலை நிறுத்தினா அந்த உரிமை செத்துடும், நிலம் ரெண்டு பக்கத்துக் காரங்களுக்கும் துண்டு துண்டாப் போயிடும். ஒரு தடவை போச்சுன்னா போச்சுதான். 150 மைல் தடத்தை மறுபடி சேக்க ஆயிரம் பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். இதைத் தடுக்க 1983-ல தேசியத் தடங்கள் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. 'ரயில்பேங்கிங்'னு பேரு. தடத்தை வங்கியில போட்டு வெக்கற மாதிரி. நாளைக்கு ரயில் திரும்ப வேணும்னா விடலாம், அது வரைக்கும் சைக்கிள் போகட்டும், நடக்கறவங்க நடக்கட்டும், தடம் மட்டும் அறுபடக் கூடாது. மிசூரி ஆத்தங்கரையில 1986-ல ரயில் நின்ன ஒரு தடம் இப்படித்தான் பொழைச்சுது. இன்னிக்கு அது 'கேட்டி ட்ரெயில்', கிட்டத்தட்ட 240 மைல்.

நிலத்துக்காரங்க சும்மா இருக்கல. வெர்மான்ட்லேர்ந்து போன வழக்குல 1990-ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிட்டு, நஷ்டப்பட்டவங்க அரசாங்கத்துக்கிட்ட இழப்பீடு கேக்கலாம்னும் சொல்லுச்சு. 2014-ல வயோமிங் வழக்கு ஒண்ணுல நிலத்துக்காரர் பக்கமே தீர்ப்பு. எனக்கு அதுல வருத்தம் இல்ல. என் சைக்கிள் சந்தோஷத்துக்கு ஒரு விவசாயி சும்மா நிலத்தை விட்டுக் கொடுக்கணும்னு நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு கேப்பேன்? காசு கொடுத்து எடுங்க.

கம்பர்லேண்ட்லேர்ந்து இந்தப் பாதை நிக்காம வாஷிங்டன் வரைக்கும் போகுது, ஆனா அங்கேர்ந்து அது ரயில் தடம் இல்ல. செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாயோட கரை. படகைக் கயிறு கட்டி கோவேறு கழுதை இழுத்துக்கிட்டுப் போன கரை, 184.5 மைல். 1924 வெள்ளத்தோட படகு நின்னு போச்சு. 1950-கள்ல அந்தக் கரை மேல கார் ரோடு போடலாம்னு ஒரு திட்டம். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையே அதை ஆதரிச்சு தலையங்கம் எழுதுச்சு. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அவங்களுக்கு ஒரு கடுதாசி போட்டார்: என் கூட அந்தக் கரையில நடந்து பாருங்க, அப்புறம் எழுதுங்கன்னு. 1954 மார்ச்ல 58 பேர் கிளம்பினாங்க, முழுசா நடந்து முடிச்சவங்க 9 பேர்தான். பத்திரிகைக்காரங்க மனசு மாறினாங்க. ரோடு வரல. 1971-ல அது தேசிய வரலாற்றுப் பூங்கா ஆச்சு. ஒரு நீதிபதி எட்டு நாள் நடந்ததால எழுபது வருஷமா அந்தக் கரையில ஹாரன் சத்தம் இல்ல.

ரொம்பப் புகழ்ந்துட்டேன், கொஞ்சம் கீழ எறங்குவோம். போஸ்டர்ல போடற 'இயற்கை எழில்' இங்க பாதிதான் உண்மை. கான்னெல்ஸ்வில் சுத்து வட்டாரம் ஒரு காலத்துல பிட்ஸ்பர்க் இரும்பாலைகளுக்கு கோக் கரி சுட்டுக் கொடுத்த எடம். பாதையோரத்துல காட்டுக்குள்ள பழைய சூளைகள் இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. கைவிட்ட சுரங்கத்துலேர்ந்து கசியற தண்ணி சில எடத்துல துருப்பிடிச்ச செங்கலரா வழியுது. மலை மறுபடி பச்சை ஆனதுக்குக் காரணம் வேலை போனது. பாதையால அந்த ஊர்கள்ல தங்கற விடுதி, சைக்கிள் கடை, ஐஸ்கிரீம் கடை எல்லாம் வந்திருக்கு, நல்லதுதான். ஆனா ஒரு இரும்பாலை சம்பளத்துக்கு ஐஸ்கிரீம் கடை ஈடாகாது. சைக்கிள் பாதை போட்டா ஊரே செழிச்சிடும்னு பேசறவங்களை நான் நம்பறதில்ல.

இப்ப நம்ம ஊர். "அமெரிக்காவுல உக்காந்துக்கிட்டு அட்வைஸ் பண்ண வந்துட்டான்"னு ஆரம்பிக்கறவங்களுக்கு: சைக்கிளை மாடிப்படிக்குக் கீழ போட்டது எங்கப்பா. அதனால பேசத்தான் செய்வேன்.

மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயில். 1926-ல வந்தது, 1986-ல நிறுத்தினாங்க. அதே 1986-லதான் மிசூரியில ரயில் நின்னுது, ஒஹாயோபைல்ல முதல் துண்டு திறந்துச்சு. ரயிலை மறுபடி விடுங்கன்னு நம்ம மக்கள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும் அவங்க கட்சிதான், ரயில் வந்தா சைக்கிள் ஒதுங்கிக்கட்டும். ஆனா நின்ன அன்னிக்கே அந்தத் தடத்துல முப்பது கிலோமீட்டர் கப்பி போட்டு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களை சைக்கிள்ல விட்டிருந்தா? தினமும் ஆள் நடமாடற பாதையை ஆக்கிரமிக்கறது கஷ்டம். ரயிலுக்கான தடமும் முழுசா நின்னிருக்கும். இதைச் சொல்லும்போதே இன்னொண்ணும் சொல்லிடறேன். இன்னிக்கு அந்த மாதிரி நிலத்துல குடிசை போட்டு இருக்கறவங்களைக் காலி பண்ணிட்டு சைக்கிள் பாதை போடுங்கன்னு நான் கேக்கல. போக்கிடம் இல்லாதவனைத் தூக்கி எறிஞ்சுட்டு வர்ற பாதையில எனக்கு மிதிக்க வராது. நான் கேக்கறது இனிமே சாகப் போற தடங்களுக்கு.

ஆனா எனக்கு உண்மையான ஆசை ஆத்தங்கரைங்கதான். டெல்டாவுல அதுக்கு நிலம் எடுக்கவே வேணாம். கரை ஏற்கனவே அரசாங்கத்துது. ஆறும் கால்வாயும் வாய்க்காலும் வலை மாதிரி ஊருக்கு ஊர் போகுது. தரை ஏறக்குறைய சமம், அலிகேனி மலை மாதிரி சுரங்கம் கூட வேணாம். ரெண்டு பக்கமும் மரம் வெச்சா நெழல். பெருசா செலவு எதுவும் இல்ல: லாரி நுழையாத மாதிரி கரை ஆரம்பிக்கற எடத்துல ரெண்டு கல் தூண் நடணும். லஸ்கருக்கும் டிபார்ட்மென்ட் ஜீப்புக்கும் ஒரு சாவி போட்ட கேட் வைக்கணும். மத்தபடி கிராவலைக் கிராவலா விட்டுடணும். புது ஆத்துல இப்ப சிமெண்டு கான்கிரீட் போட்டு கரையைப் பூசியிருக்காங்க. தண்ணி கசியாம கடைமடைக்குப் போகணும்ங்கறது அவங்க வாதம், நிலத்தடி நீர் என்ன ஆகறதுங்கறது எங்க ஊர் விவசாயிகள்ல பல பேரோட கேள்வி. அந்தச் சண்டைக்கு இன்னொரு பதிவு வேணும். இப்ப நான் கேக்கறது சரிவைப் பத்தி இல்ல, கரையோட தலையைப் பத்தி. அதை ரோடாக்கிடாதீங்க.

அப்பா இதைக் கேட்டுட்டு என்ன சொன்னார்னா, தூண் நட்டா ராத்திரியோட ராத்திரியா புடுங்கிடுவானுங்களாம் மணல் லாரிக்காரனுங்க. "ஆளு போயிட்டே இருக்கணும்டா. ஆளு போற கரையில எவனும் கை வைக்க மாட்டான்"னார். முப்பது வருஷம் கரை காத்தவர், அவருக்குத் தெரியும். ஊர் திரும்பினதும் மாடிப்படிக்குக் கீழேர்ந்து சைக்கிளை வெளிய எடுத்து டியூப் மாத்தியிருக்கார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் போறதில்ல. வீட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே போய், ஆத்தங்கரை வந்ததும் ஏறி மிதிக்கறாராம். அந்த ஒரு கிலோமீட்டரும் ஒரு பக்கம் அம்மா கூட வர்றாங்களாம்.

டிஸ்கி: யாராவது நிஜமாவே இந்தப் பக்கம் ஓட்ட வர்றதா இருந்தா, பிக் சாவேஜ் சுரங்கத்தை குளிர்காலத்துல மூடிடுவாங்க, டிசம்பர் நடுவுலேர்ந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும். அதைத் தாண்டிப் போற பிளான் இருந்தா தேதி பாத்துக்கங்க. டயர் 35 மில்லிமீட்டருக்குக் கம்மியா வேணாம். மட்கார்டு அவசியம். வீட்டுல துணி துவைக்கறது நீங்கன்னா ரொம்பவே அவசியம். ஒஹாயோபைல் - கன்ஃப்ளுயன்ஸ் போக வர 22 மைல், சாப்பாடு கட்டிக்கிட்டு வந்துடுங்க. புளியோதரை என் பொறுப்பு.